ஊதாக் குழாய்

கத்தரிக்காய்மீது எனக்கு எந்த விரோதமும் இல்லை. வாரத்தில் மூன்று நாள் எங்கள் வீட்டில் அதுதான். என் மனைவி அன்னபாக்கியம் அதைப் பொரித்துக் குழம்பு வைத்தால் வெள்ளைக்காரத் துரையின் நாய்கூட வேலியோரம் வந்து மூக்கை நீட்டும். ஆனால் குழம்பு வேறு, கட்டட ஒழுங்குவிதி வேறு. இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிட்டுப் போகத்தான் ஈஜோக்கிலிருந்து பஸ் ஏறிக் கோலசிலாங்கூர்வரை வந்தேன். மனுவை வாங்கிய அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், பிறகு உங்கள் அறைக்கு அனுப்பிவைத்தார். மனுக்கள் இப்படித் தப்பான மேசைக்குப் போய்ச் சேர்வது எனக்குப் புதிதல்ல. இருபத்தாறு வருஷம் ரப்பர் தோட்டத்துக் கிராணியாக, கணக்கும் கடிதமும் எழுதுகிறவனாக இருந்தவன் நான்.

உட்கார்ந்துதான் பேச வேண்டுமா, இன்ஸ்பெக்டர்? நின்றால் எனக்கு யோசனை ஒழுங்காக வரும். இரண்டு வருஷமாக நாற்காலி என்றாலே சரிப்படுவதில்லை. வெளியே ஏதோ குழாய் சொட்டுகிறது. அதையும் யாராவது மூடினால் நல்லது.

விஷயம் இதுதான். உங்கள் கையில் இருக்கும் சிறு புத்தகம், ‘புதிய லயங்களில் மறுபயன் நீர்க்குழாய் அமைப்பதற்கான ஒழுங்குவிதிகள்’. வட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் போன வாரம் அனுப்பியிருக்கிறார்கள். மொத்தம் பத்தொன்பது விதி. பத்தொன்பதும் நான் எழுதியவை. அட்டையில் தம்பிராஜா என்ற பெயர் எங்கும் இல்லை. அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. பதினான்காம் பக்கத்தைப் பாருங்கள். நான் ‘ஊதா’ என்று எழுதிய இடத்தில் ‘கத்தரிப்பூ நிறம்’ என்று போட்டு, அடியில் பொடி எழுத்தில் ‘மூலத்திலிருந்த பிழை திருத்தப்பட்டது’ என்று அச்சடித்திருக்கிறார்கள்.

பிழை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வந்தேன்.

ஐம்பத்தொன்றில், எங்கள் கெலாடித் தோட்டத்தில் அங்கங்கே கிடந்த லய வீடுகளை இடித்துவிட்டு எல்லாரையும் ஒரே இடத்தில் கம்பி வேலிக்குள் குடிவைக்கும்படி உத்தரவு வந்தது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட்காரர்களுக்கு அரிசி போய்ச் சேரக்கூடாது, அதற்காக. அறுபது வீடு. வேலிக் கதவைச் சாயங்காலம் பூட்டினால் விடிந்துதான் திறப்பார்கள். தண்ணீர் எடுத்த ஓடையோ வேலிக்கு வெளியே. திட்டம் போட்டவர்கள் மனிதன் இருட்டிய பிறகும் தண்ணீர் குடிப்பான் என்பதை மறந்துவிட்டார்கள். அவன் கக்கூஸ் போவான் என்பதை நினைத்துப் பார்க்கவே கூச்சப்பட்டிருப்பார்கள்.

நான் வழி கண்டுபிடித்தேன். குளிக்கும் கொட்டகையிலும் துவைக்கும் கல்லிலும் ஓடுகிற தண்ணீரைச் சேர்த்து, படிகாரம் போட்டு, மணல் தொட்டியில் வடித்து, மேல்தொட்டிக்கு ஏற்றித் தனிக் குழாயில் கக்கூஸுக்கும் சாக்கடை கழுவவும் விடுவது. ‘மறுபயன் நீர்’ என்று பெயர் வைத்தேன். லயத்தில் ‘கிராணி தண்ணி’ என்றார்கள். ஓடையிலிருந்து ஏற்றும் குடிநீருக்கு வேறு தொட்டி, வேறு குழாய். மண்ணுக்குள் குடிநீர்க் குழாய் மேலே, மற்றது ஓரடி கீழே. இரண்டும் எந்த இடத்திலும் தொடக்கூடாது. லயத்து முனையில் இரண்டு குழாயடிகளுக்கும் நடுவே ஆறடி இடைவெளி. குழாய் போட்ட ஆட்களை வேலை வாங்கிய மண்டோர் காளியண்ணன் அங்குலம் பிசகாமல் போட்டான். அவன் வேலையில் குறை சொல்ல முடியாது. பிறகு விசாரணை வந்தபோதும் அவன் வேலையை நான் குறை சொல்லவில்லை.

சங்கடம் நிறத்தில் வந்தது. மறுபயன் நீருக்குச் சிவப்பு என்றுதான் முதலில் எழுதினேன். துரை படித்துவிட்டு, கம்பிக்குள் எங்கே பார்த்தாலும் சிவப்பா, பட்டாளத்துக்காரன் வந்தால் முதலில் என்னைத்தான் பிடிப்பான் என்றார். வாங்கி வைத்த சிவப்புச் சாயத்தில் நீலத்தைக் கலக்கச் சொன்னேன். அருமையான ஊதா வந்தது. குடிநீருக்கு நீலம், மறுபயன் நீருக்கு ஊதா. ஒவ்வொரு குழாயடியிலும் ஒரு பலகை: ‘ஊதாக் குழாய் நீர் பருகற்க.’

காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் நேரத்தில், பலகையை வாசித்துக் காட்டினேன். எதிரே முந்நூறு பேர். பக்கத்தில் துரை. காளியண்ணன் கையைத் தூக்கினான்.

“கிராணியாரய்யா, பருகற்கன்னா குடிங்கங்கிறீங்களா, குடிக்காதீங்கங்கிறீங்களா?”

சிரித்தார்கள். நான் நியாயமான மனிதன். ‘குடிக்கக் கூடாது’ என்று மாற்றும்படி அந்த இடத்திலேயே சொன்னேன். அவன் அத்தோடு விட்டிருக்கலாம்.

“இன்னொண்ணுங்கய்யா. எங்களுக்கு ஊதான்னா அந்தா அந்தக் கொழாதான்.” நீலக் குழாயைக் காட்டினான். “இது கத்திரிப்பூ கலரு.”

“அது நீலம். ஊதா எண்டால் இதுதான். தமிழ் தெரியாட்டில் படிச்சுக்கொள்ள வேணும்,” என்றேன்.

“படிச்சிக்கலாங்கய்யா. அதுக்குள்ள தாகம் எடுத்துட்டா?”

முந்நூறு பேர் சிரித்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. மழை பிடித்த மாதிரி, தொடங்கினால் நிற்காது. துரை என்ன விஷயம் என்று சின்னக் கிராணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ‘பிரிஞ்சால், பிரிஞ்சால்’ என்று என் முதுகில் தட்டினார். அன்று மத்தியானத்துக்குள் எனக்குக் ‘கத்திரிக்காக் கிராணி’ என்று பெயர் ஆகிவிட்டது. நான் அலுவலகத்தில் இருந்தாலும் அது காதில் விழுந்தது. விழாதபோதும் விழுந்தது.

ஒரே பலகையில் ஒருவன் இரண்டு தடவை தோற்க முடியாது. பலகைகளில் ஊதா என்றே எழுதச் சொன்னேன். அன்னபாக்கியமும் சொல்லிப் பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, அதுகளுக்கு விளங்கிற மாதிரிக் கத்தரிப்பூ எண்டு எழுதிவிட்டால் உங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்?”

இன்றைக்குக் கத்தரிப்பூவை விட்டால் நாளைக்குச் சுவரின் உயரத்தைப் புடலங்காயால் அளக்கச் சொல்வார்கள் என்றேன். அவள் கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இன்னொரு விவரமும் உங்களுக்குத் தெரிய வேண்டும். எங்கள் பக்கத்துச் சதுப்பில் ஓடைத் தண்ணீர் தேயிலைச் சாயம் போலத்தான் இருக்கும். அதில் மருந்து போட்டதால் குளோரின் வாடை வேறு. என் மறுபயன் நீரோ படிகாரத்தில் தெளிந்து கண்ணாடியாக வரும். பெருமைக்குச் சொல்லவில்லை. பார்க்கிறவன் எதை நல்ல தண்ணீர் என்பான் என்பதற்காகச் சொல்கிறேன்.

குழாய் திறந்த முதல் நாள், சின்னத்தாய் என்ற பால்வெட்டுக்காரி குழாயடியில் என்னை நிறுத்தி, ஊதாக் குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாதா என்று கேட்டாள். கூடாது என்றேன். சரியான பதில். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

நாலாம் நாள் சீதபேதி தொடங்கியது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் அம்புரோஸ் முதலில் கருவாட்டைச் சந்தேகப்பட்டார். ஆறாம் நாள் என் அலுவலகத்துக்கு ஓடி வந்தார்.

“மிஸ்டர் தம்பிராஜா, ஆளுங்க அந்தக் கத்திரிப்பூக் கொழாயில குடிக்கிறாங்க. கேட்டா போர்டைக் காட்டுறாங்க. மாத்துங்க லா. பிரஷ்ஷக் குடுங்க, நானே மாத்துறேன்.”

விதியைத் திருத்தும் முறை பத்தொன்பதாம் விதியில் இருக்கிறது. எழுத்தில் விண்ணப்பம், ஏழு நாள் அவகாசம். எடுத்துக் காட்டினேன். அவர் வாசிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய் மேல்தொட்டியின் வால்வைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவருக்கு அந்த அதிகாரம் கிடையாது என்பதைக் குறித்து வைத்தேன்.

அந்த ஆறு நாளும் நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். சும்மா இருக்கவே முடியவில்லை. அலுவலக ஜன்னலிலிருந்து மூன்றாம் லயத்துக் குழாயடி தெரியும். எழுந்து போவேன், பார்ப்பேன், வந்து உட்காருவேன், திரும்ப எழுவேன். வாளிகள் ஊதாக் குழாயின் முன்னால் வரிசையாக இருக்கும். யாராவது ஒருவர் பலகையைச் சரியாக வாசித்துவிடுவார் என்று காத்திருந்தேன். ஒருவர் போதும். அவரைப் பெரட்டில் எல்லார் முன்னிலையிலும் பாராட்டுவதாக இருந்தேன்.

செத்தது மொத்தம் பதினொரு பேர். ஒன்றைக் கவனித்தேன். எழுத்துத் தெரியாமல் கைக்கு எட்டிய குழாயில் குடித்தவர்களில் பாதிப் பேர் தப்பிவிட்டார்கள். பலகையை வாசித்தவர்களும், வாசித்தவர்கள் சொல் கேட்டவர்களும்தான் போனார்கள். விதிக்கு அந்த அளவு கீழ்ப்படிதல் இருந்தது என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும்.

விசாரிக்க வந்தவர்கள் என்னிடம் கேட்டது கொஞ்சம்தான். ஊதா என்றால் நீலக் குழாய் என்று ஆட்களிடம் சொன்னது யார்? காளியண்ணன், பெரட்டில், முந்நூறு பேர் முன்னால் என்றேன். உண்மை. குழாய் போட்டது யார்? காளியண்ணன். அதுவும் உண்மை. அவன் மச்சான் ஒருவன் காட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோமே என்றார்கள். நானும் கேள்விப்பட்டேன் என்றேன். கேள்விப்பட்டது அந்த நிமிஷத்தில், அவர்கள் வாயிலிருந்துதான், ஆனாலும் கேள்விப்பட்டதுதான்.

தண்ணீரில் சதி என்று காளியண்ணனை அவசரகாலச் சட்டத்தில் பிடித்துப்போனார்கள். எட்டு மாதம் அடைத்து வைத்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றினார்கள். ஈஜோக்கில் பிறந்தவன் அவன். நாகப்பட்டினம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. பிடித்துப்போன அன்று, லோரியில் காலை வைத்தவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“இந்த லோரி என்ன கலருங்கய்யா? நீங்க சொன்னாத்தான் ஏறணும்.”

யாரும் சிரிக்கவில்லை.

சதி என்று முடிவானதால் என் திட்டத்தில் குற்றமில்லை என்றும் முடிவாயிற்று. விதிகளை மற்றத் தோட்டங்களுக்கும் எடுத்துக்கொண்டார்கள். அச்சுக்குப் போகும் முன் அம்புரோஸிடம் பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள். மற்றப் பதினெட்டு விதியிலும் ஒரு காற்புள்ளியைக்கூட அவர் தொடவில்லை. இந்த ஒன்றில் மட்டும் ‘பிழை’ என்று எழுதிவிட்டார்.

அதனால்தான் மனுவின் நாலாம் பத்தியில், நீங்கள் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருக்கிற வரியை எழுதினேன். ‘தொழிலாளர் அந்தச் சொல்லை எவ்வாறு புரிந்துகொள்வர் என்பதை முற்றாக அறிந்தே எழுதினேன், ஆகவே அது பிழை ஆகாது.’ பிழை என்பது தெரியாமல் செய்வது. கேம்பிரிட்ஜ் சீனியர் பாஸ் பண்ணியவனைப் பார்த்து, தெரியாமல் எழுதிவிட்டான் என்று அச்சில் போடுவது அவதூறு.

அத்தாட்சி வேண்டுமானால் சின்னத்தாயைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவள் என்னிடம் கேட்டபோது வாளி நீலக் குழாயின் அடியில் பாதி நிரம்பியிருந்தது. அவள் மகள் கங்காவுக்கு நாலு வயது இருக்கும், தாகம் தாகம் என்று சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

“கிராணியாரய்யா, ஊதாக் கொழாத் தண்ணி குடிக்கக் கூடாதுங்களா?” என்றாள், கையை நீலக் குழாயின்மேல் வைத்துக்கொண்டு.

கையை எங்கே வைத்திருந்தாள் என்பதைப் பார்த்தேன். “கூடாது,” என்றேன்.

“நல்லவேள கேட்டேன், சாமி.”

வாளியில் இருந்ததைக் கீழே கொட்டினாள். ஆறடி தள்ளிப் போனாள். ஊதாக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் கண்ணாடியாக வந்தது. குழந்தை இரண்டு கையையும் குவித்துக் குடித்தது, போதும் போதும் என்கிற வரைக்கும். முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தது. முந்நூறு பேர் சிரித்த சிரிப்பு அல்ல அது. நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அலுவலகத்துக்குப் போனேன்.

கங்காதான் முதலில்.

எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்து எழுதினேன். தெரிந்து சொன்னேன். ஆறு நாள் ஜன்னலில் தெரிந்து நின்றேன். காளியண்ணனையும் தெரிந்தே லோரியில் ஏற்றினேன். பிழை மட்டும் நான் செய்யவில்லை. இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள்: ஊதா என்றால் நீலம் என்பதை நான் ஒருநாளும் ஏற்றதில்லை. அந்தச் சொல் காதில் விழுந்தால் என் கை ஊதாவுக்குத்தான் போகும். வேறு எதற்கும் போக அதற்குத் தெரியாது. அவ்வளவு சுத்தமாகப் படித்தவன் நான்.

கையெழுத்து எங்கே, இங்கேயா? மேசையில் இரண்டு புட்டி இருக்கின்றனவே. பேனாவுக்கு நீல மை, ரப்பர் முத்திரைக்கு ஊதா மை. உங்கள் கான்ஸ்டபிள் தோட்டத்துப் பக்கத்து ஆள் போலிருக்கிறது. “ஊதா மையத் தொட்டுப் போடுங்கய்யா” என்கிறார்.

இந்தாருங்கள், போட்டாயிற்று. ஏன் எல்லாரும் புட்டியையே பார்க்கிறீர்கள்? தாளை உடனே மடித்துவிடாதீர்கள். நீல மை காயக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.