உள்ளே ஆள் இல்லை

சாயாவில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், மேடம். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். தமிழிலேயே சொல்லலாம் என்றீர்களே, அதிலேயே எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தாலும் நாங்கள் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். மலையாளத்தில் எழுதுவேன், இங்கிலீஷில் சம்பாதிப்பேன், யோசிப்பது மட்டும் தமிழில்தான்.

பெயர் சங்கர்ராம். கட்டடங்களைப் பேச வைப்பது என் தொழில். விஸ்வநாத் சாரின் மசாலாக் கிடங்கில் ஏசி ஒரு கம்பெனி, கதவுப் பூட்டு இன்னொரு கம்பெனி, ஆர்டரும் வருகைப் பதிவும் பார்க்கும் சாஃப்ட்வேர் வேறொன்று. ஒன்று சொல்வது மற்றொன்றுக்கு விளங்காது. எங்கள் தெருவில் வீட்டுக்குள் கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் பேசுகிறவர்கள் கடைக்கு வந்தால் மலையாளத்தில் பேசிக்கொள்வதில்லையா? அதுபோல அந்த இயந்திரங்களுக்கும் ஒரு பொதுப் பாஷை கொடுத்தேன். இன்டர்நெட்டில் உலகமே பயன்படுத்துகிற, யாருக்கும் சொந்தமில்லாத விதிமுறைகள்தான். அதன்பிறகு வியாபாரம் சொல்லும், கட்டடம் கேட்கும்.

எனக்குப் பெருமை பின்பக்கத்து அறைதான். குறுமிளகு, ஏலக்காய் மூட்டைகளில் பூச்சி சாக வேண்டும். மருந்தடித்தால் வெளிநாட்டுக்காரர்கள் வாங்குவதில்லை. அதனால் அறையை இறுக மூடி நைட்ரஜனை விட்டு, ஆக்சிஜனை வெளியேற்றிவிடுவோம். முன்பெல்லாம் மேஸ்திரி உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்து, "ஆளுண்டோ?" என்று குரல் கொடுத்து, கையால் பூட்டுவார். என்ன நேர விரயம். நான் வந்த பிறகு, ஆர்டர் உறுதியாகி, அறையில் ஆள் இல்லை என்று வருகைப் பதிவும் சொன்னால், கதவு தானே மூடிக்கொள்ளும்.

உள்பக்கம் ஒரு கைப்பிடி இருந்தது. அழுத்தினால் திறந்துவிடும். மூட்டை சரிந்து அதில் பட்டால்கூடக் கதவு திறந்து சரக்கு பாழாகும். அதை மாற்றினேன். அழுத்தினால் என் டேப்லெட்டுக்குச் செய்தி மட்டும் வரும். பதிவில் ஆள் இல்லையென்றால் 'கோளாறு' என்று நான் அழுத்திவிட்டால் போதும், வேலை தொடரும். நியாயமான ஏற்பாடு என்று விஸ்வநாத் சாரும் சொன்னார்.

பாண்டியராஜ் எங்கள் ஆள் இல்லை. தோப்பும்படியிலிருந்து ஒரு கான்ட்ராக்டர் அனுப்புகிற சுமைதூக்கி. அப்படி வருகிறவர்களின் பெயர் எங்கள் பதிவில் கிடையாது. சேர்த்தால் நாளைக்கு நிரந்தர வேலை கேட்பார்கள் என்று விஸ்வநாத் சாருக்குப் பயம். யாரைச் சேர்ப்பது என்பது அவர் விஷயம். என் வேலை இணைப்பது மட்டும்.

அன்று ஜெர்மனியிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் தன் போனில் ஆர்டரை உறுதி செய்ய, எங்கள் கண்முன்னே பின்பக்கத்துக் கதவு மெல்ல மூடிக்கொண்டது. கைதட்டினார்கள். நான் விளக்கிக்கொண்டிருந்தபோது கைப்பிடிச் செய்தி வந்தது. கோளாறு என்று அழுத்தினேன். மறுபடி வந்தது. மறுபடி அழுத்தினேன்.

வாட்ச்மேன் ஷிபு வந்து காதோடு சொன்னான். "சாரே, பாண்டியண்ணனோட வீட்டுக்காரி பின் கேட்ல நிக்கிறாங்க."

போனேன். காளியம்மை சோற்றுப் பாத்திரத்தோடு நின்றிருந்தார்.

"சாரே, அவரு உள்ளதான் இருக்காரு. போன் அடிச்சா எடுக்கல. அந்தக் கதவ ஒண்ணு தொறந்து பாருங்க."

"உள்ளே ஆள் இல்லை, சேச்சி," என்று டேப்லெட்டைக் காட்டினேன். பச்சையில் பூஜ்யம்.

"எனக்கு அது வாசிக்கத் தெரியாது. அங்க கெடக்குது பாருங்க, அவரோட செருப்பு."

பார்த்தேன். அறை வாசலில்தான் கிடந்தது. ஆனால் செருப்பு எங்கள் சிஸ்டத்தோடு இணைக்கப்பட்டதல்ல. அவரை நிழலில் உட்காரச் சொல்லி, ஒரு சாயா வாங்கிக் கொடுக்கும்படி ஷிபுவிடம் சொன்னேன். நான் மனசாட்சி இல்லாதவன் அல்ல.

திரும்பி வந்தபோது ஆக்சிஜன் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதும் மூச்சு விடக்கூடிய அளவுதான். செய்தி விடாமல் வந்துகொண்டிருந்தது. திறந்திருக்கலாம், ஒரு விரல் வேலை. திறந்திருந்தால் அத்தனை பேர் முன்னால் உள்ளேயிருந்து ஒரு மனிதர் வெளியே வந்திருப்பார். அப்புறம் யார் என் சிஸ்டத்தை நம்புவார்கள்? இன்னும் சில கிடங்குகளில் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். அழுத்திக்கொண்டே இருந்தேன். சிறிது நேரத்தில் செய்தி நின்றது. கோளாறு சரியாகிவிட்டதாகத் திரை காட்டியது. வந்தவர்களைச் சாப்பிட அழைத்துப் போனேன். ஃபோர்ட் கொச்சியில் மீன் நன்றாக இருந்தது என்றார்கள்.

நான் கவனிக்கவில்லை என்று வக்கீல் சொல்லச் சொல்கிறார். அது சரியாக இருக்காது. விருந்தாளிகள் வருவதற்குச் சற்று முன் பாண்டியராஜ் ஊசியும் சணலுமாக அந்த அறைக்குள் போனார். "ஒரு மூட்ட கிழிஞ்சிருக்கு சாரே, தைச்சிட்டு வந்துடறேன்" என்று என்னிடம்தான் சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் உள்ளே இருந்தது எனக்குத் தெரியும், மேடம். ஒவ்வொரு முறையும் தெரிந்துதான் அழுத்தினேன்.

எழுதிக்கொள்ளுங்கள். அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அன்றைக்கு என் சிஸ்டத்தில் ஒரு பிழைகூட நடக்கவில்லை.