டிக்கிக்குள் ஒரு போல்ட்

கார் கதவு திறக்கவில்லை என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பொத்தானை எப்படி அமுக்கினீர்கள்? பத்தில் ஏழு பேரின் பிரச்சினை அந்தக் கேள்வியோடு தீர்ந்துவிடும். சிலர் ரிமோட்டைத் தலைகீழாகப் பிடித்திருப்பார்கள்.

யாரையும் மட்டம் தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை, ஐயா. உங்கள் போலீஸ் அறிக்கையில் 'பூட்டுக் கோளாறினால் நேர்ந்த விபத்து' என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். பதினெட்டு வருடமாகக் காருக்கு ரிமோட் பூட்டும் அலாரமும் மாட்டுகிறேன். என் வேலையில் கோளாறு என்று இதுவரை ஒரு காகிதத்திலும் ஏறியதில்லை.

இறந்தவர் என் மனைவியின் அண்ணன். எதையும் லேசில் நம்பமாட்டார். கையில் கடிகாரம் கட்டிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் மணி கேட்பார். அவருடைய பழைய காருக்கு நான்தான் அலாரம் மாட்டினேன். அதன் பெட்டியை டிக்கிக்குள், விரிப்புக்கு அடியில் வைத்தேன். மற்றவர்கள் ஸ்டீயரிங்குக்குக் கீழே வைப்பார்கள். அது திருடனுக்கும் தெரியும்.

மறுவாரமே வந்து நின்றார்.

"மாப்ள, பூட்டுது. தொறக்கத்தான் மாட்டேங்குது. வெயில்ல நின்னா போதும், மக்கர் பண்ணுது."

அமுக்கிப் பார்த்தேன். திறந்தது.

"நல்லாத்தானே இருக்கு மச்சான். நீங்க அமுக்குற விதம் அப்படி."

இப்படி ஆறு முறை. ஃபியூஸைப் பார்த்தேன். கதவு மோட்டார்களைக் கழற்றிப் பார்த்தேன். பூட்டும் வயரையும் திறக்கும் வயரையும் தனித்தனியே சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. வீட்டில் பேச்சு வந்தபோது, மச்சானுக்குப் பொத்தான் அமுக்கத் தெரியவில்லை என்று வேடிக்கையாகச் சொன்னேன். அது பிடித்துக்கொண்டது. பீரோ கதவு மாட்டிக்கொண்டால்கூட, "மாமாவக் கூப்பிடுங்க, அவர் அமுக்கட்டும்" என்று பிள்ளைகள் கத்தின. என் மனைவியும் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"தப்பு யார் மேலன்னு ஒருநாள் தெரியத்தான் போகுது. அன்னைக்கு எல்லாரையும் உக்கார வச்சு, மாப்ள வாயாலயே சொல்ல வைக்கிறேன்" என்றார்.

ஏழாவது முறை கண்டுபிடித்தேன். டிக்கிக்குள் எர்த் வயரைப் பெயின்ட் அடித்த போல்ட்டில் மாட்டியிருந்தேன். பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்பில்தான் மாட்ட வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே படிக்கிற பாடம். சூடேறினால் அந்த இடத்தில் தொடர்பு விட்டுப்போகும். உப்புத்தாளால் தேய்த்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

விரிப்பைப் பழையபடி மூடினேன். "ஒண்ணும் இல்ல மச்சான்" என்றேன். அவர் இல்லாத நேரத்தில் சரிசெய்துவிடலாம் என்று, ஏதோ சாக்குச் சொல்லி மாற்றுச் சாவியையும் இன்னொரு ரிமோட்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன். என் எண்ணம் அவ்வளவுதான்.

அவருக்கு மதியச் சாப்பாடு முடிந்ததும் அலுவலக மொட்டைமாடிப் பார்க்கிங்கில் நிறுத்திய காருக்குள் கால் மணி நேரம் கண்ணயரும் பழக்கம். உள்ளே உட்கார்ந்து ரிமோட்டால் பூட்டிக்கொள்வார். நான் மாட்டிய அலாரம் பூட்டினால் உள்கைப்பிடி வேலை செய்யாது, சாவி போட்டாலும் மின்சாரம் வராது, கண்ணாடி இறங்காது; ஹாரன் மட்டும் அடிக்கும். திருடனுக்காகச் செய்த ஏற்பாடு. அன்றைக்கு அவர் ஏறிப் பூட்டும்போது நிழலாக இருந்த மூலை, கண்ணயர்ந்த நேரத்தில் வெயிலுக்கு வந்துவிட்டது.

போன் வந்தது.

"மாப்ள, உள்ள மாட்டிக்கிட்டேன். மூச்சு முட்டுது. கண்ணாடிய ஒடச்சிடவா?"

போன வருடம்தான் அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. அது எனக்குத் தெரியும்.

"வேணாம் மச்சான். வேற யாரையும் கூப்பிடாதீங்க, ஆளாளுக்குக் கை வச்சு வயரிங்கைக் கெடுத்துடுவாங்க. ஹாரனும் அடிக்காதீங்க, பேட்டரி இறங்கிடும். இதோ வந்துட்டேன்."

"சரி மாப்ள. நீ சொல்றபடியே இருக்கேன்."

ஏழு முறை வந்தும் நான் சொன்னதை ஒரு தடவைகூட நம்பாத மனிதர், அன்றைக்கு நம்பினார். எனக்கு அது மனதுக்கு இதமாக இருந்தது.

கடையிலிருந்து பத்து நிமிடத் தூரம். உப்புத்தாள் தீர்ந்திருந்தது. வழியில் இறங்கி வாங்கிக்கொண்டு போனேன். முப்பத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். பொறுங்கள் என்று சைகை காட்டிவிட்டு, மாற்றுச் சாவியால் டிக்கியைத் திறந்தேன். விரிப்பை எடுத்தேன். பெயின்டைத் தேய்த்தேன். முதலில் அவசரப்பட்டதால்தான் தப்பு நேர்ந்தது, அதனால் இந்த முறை நிதானமாகவே செய்தேன். கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை. போல்ட்டை இறுக்கிவிட்டு, ரிமோட்டை ஒரே ஒரு முறை அமுக்கினேன். நாலு கதவும் திறந்தன.

அந்தச் சாவி ஓட்டுநர் கதவையும் திறக்கும். தெரியும், ஐயா. அதைத் திறந்திருந்தால் பிழைத்திருப்பார். அந்த வார ஞாயிற்றுக்கிழமையே எல்லோரையும் உட்கார வைத்து, என் வாயாலேயே சொல்ல வைத்திருப்பார்.

ஆகவே, நான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கோளாறு என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். கார் உங்கள் வாசலில் வெயிலில்தான் நிற்கிறது. நீங்களே போய்ப் பாருங்கள், திறக்கும். சரியாக அமுக்க வேண்டும், அவ்வளவுதான்.