தானாக நிறையும் தொட்டி

மீன் தொட்டியில் தண்ணீர் குறைவது மீன் குடிப்பதால் இல்லையாம். காற்றும் விளக்குச் சூடும்தான் அதைக் குடிக்கின்றனவாம். எனக்கு எழுபது வயது தாண்டிய பிறகு, கெலிஓயாவில் வளர்ப்பு மீன் விற்கும் அஹ்னாப் சொல்லித்தான் அது தெரிந்தது.

நீங்கள் கேட்டது என் தம்பியைப் பற்றி. தெரியும். ஆனால் தொட்டியைச் சொல்லாமல் அவனைச் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி சேதுராமன் படித்தவன். கச்சேரியில், அதுதான் அரசாங்கக் கந்தோரில், கிளாக்கராக இருந்து பென்ஷன் எடுத்தவன். நான் கண்டி டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை தூக்கியவன். மூட்டையில் எழுதியிருக்கும் எடையைக்கூட நம்பாமல் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கணக்குச் சொல்வேன். அவன் பெண்சாதி போய்ச் சேர்ந்ததும் மகள் அனுஷியா கட்டாரிலிருந்து போன் எடுத்து, "அப்பாவுக்குத் துணையா போய் இருங்க பெரியப்பா" என்றாள். போனேன். இரண்டு கிழவர்களும் ஒரு மீன் தொட்டியும். நன்றாகத்தான் இருந்தது.

பிறகு அவன் குளியலறையில் விழுந்தான். பாரிசவாதம். ஒரு பக்கம் முழுக்கச் செத்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. "ண்ணே" என்ற ஒரு சத்தம் மட்டும் மிச்சம். தாகம் என்றாலும் அதுதான், மூத்திரம் வந்தாலும் அதுதான். இவனால் புரளவே முடியாது, பக்கத்தில் எந்நேரமும் ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னார். தலையாட்டினேன். யார் சொன்னாலும் தலையாட்டுவேன். நம்புவது வேறு.

அவனைக் கழுவினேன், துடைத்தேன், கஞ்சி ஊட்டினேன். அதோடு தொட்டிக்கும் நான்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து, மருந்து வாசம் போகும்வரை ஒரு நாள் வைத்திருந்து ஊற்ற வேண்டும். ஊற்றாவிட்டால் தண்ணீர் இறங்கும். ஃபில்டரிலிருந்து விழும் தண்ணீர் உயரத்திலிருந்து விழுவதால் சோவென்று சத்தம் போடும். எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே. ரோட்டில் நின்று குனிந்தால் முன்னறை ஜன்னல் வழியாகத் தொட்டி தெரியும். தம்பியின் கட்டில் ஜன்னலுக்கு அடியில், சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அதுவும் தரையும் தெரியாது.

பக்கத்து வீட்டு ஜமால்தீன் பள்ளிக்குத் தொழப் போகும்போது அங்கே நின்று கூப்பிடுவான்.

"செல்லச்சாமிண்ணே, மீன் அழுவுது. கேக்கலியா?"

"நீ வந்து கண்ணத் தொடச்சு விடு" என்பேன் நான்.

ஒருமுறை கடுகண்ணாவையில் ஒரு சாவுக்குப் போனேன். மழையில் ரோடு அடைபட்டு மறுநாள்தான் வர முடிந்தது. வந்து பார்த்தால் ஜமால்தீன் கட்டிலில் உட்கார்ந்து தம்பிக்குக் கரண்டியால் பிளேன்டீ கொடுத்துக்கொண்டிருந்தான்.

"சொல்லிட்டுப் போறதுக்கு என்னண்ணே? தொட்டி சத்தம் போடாட்டி எனக்குத் தெரிஞ்சே ஈக்காது. மனுசன் தொண்ட காஞ்சு கெடந்தாரு. நல்ல காலம், பின்கதவு தொறந்து கெடந்திச்சு."

"அவனுக்கு ஒண்ணும் ஆகாது. தேவைன்னா அவனே எந்திரிப்பான்."

"என்ன பேச்சுண்ணே இது?"

அது சும்மா வாய்க்கு வந்த பேச்சு இல்லை. சில நாளாகவே காலையில் தொட்டியிலிருந்து கட்டில் பக்கமாகத் தரையில் ஈரச் சொட்டுகள் கிடப்பதைக் கவனித்திருந்தேன். நான் தூங்கியதும் இவன் எழுந்து நடக்கிறான் என்று எனக்குப் பட்டது. சின்ன வயதிலேயே வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துக்கொண்டு, மலை ஊற்றுப் பீலியிலிருந்து தண்ணீர் சுமக்கும் வேலையை என் தலையில் கட்டியவன் அவன். இப்போதும் அப்படித்தான், படுத்துக்கொண்டே என்னை வேலைக்காரனாக்கிவிட்டான் என்று நினைத்தேன். நினைப்பு ஒருமுறை உள்ளே வந்தால் என்னிடமிருந்து லேசில் போகாது.

தொட்டிக்குத் தண்ணீர் தானாக நிறையும் சாமான் பூட்டியது அனுஷியாவின் யோசனை என்று முதலில் உங்களிடம் சொன்னேன். பொய். நான்தான் அஹ்னாப்பைத் தேடிப் போனேன்.

அவன் வந்து தொட்டியின் விளிம்பில் விரல் அளவில் ஒன்றை ஒட்டினான். கீழே வாளி வைத்து அதற்குள் சின்ன மோட்டர் ஒன்றை இறக்கினான்.

"தண்ணி கொறைஞ்சா இது மோட்டருக்குச் சொல்லும் மாமா. வேண்டியத மட்டும் ஏத்திட்டு நின்னுரும்."

"அது பொய் சொன்னா?"

"மெசின் ஏன் மாமா பொய் சொல்லப் போவுது?"

"மனுசன் செஞ்சதுதானே."

சிரித்தான். வாளி போதாது, பெரிய பீப்பாய் வை என்றேன். "மீன் தொட்டிக்கா, கல்யாண வீட்டுக்கா?" என்று கேட்டுக்கொண்டே நீலப் பீப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். போகும்போது ஃபில்டரைத் தொட்டுப் பார்த்து, "இது தெறிக்குது மாமா, அதான் கட்டில் வரைக்கும் தரையெல்லாம் ஈரம்" என்றான். தலையாட்டினேன். நம்பவில்லை. நம்ப எனக்கு விருப்பம் இருக்கவில்லை என்று எழுதினாலும் சரிதான்.

அதன் பிறகு தொட்டி சத்தமே போடவில்லை. எப்போதும் கழுத்துவரை நிறைந்து நின்றது. ஜமால்தீன் குனிந்து பார்ப்பான், கையைக் காட்டிவிட்டுப் போவான்.

புறப்பட்ட அன்று காலை தம்பியைக் குளிப்பாட்டி, உடுத்தியிருந்த சாரத்தை மாற்றி, வயிறு நிறையக் கஞ்சி கொடுத்தேன். அதில் குறை வைக்கவில்லை. தொட்டிக்குப் பக்கத்து மேசையில் ஒரு ஜக்கில் தண்ணீரும் ஒரு பெட்டி பிஸ்கட்டும் வைத்தேன். கட்டிலிலிருந்து கை எட்டாத தூரம்தான். நடக்கிறவனுக்கு அது தூரமே இல்லை.

"நாவலப்பிட்டிக்குப் போயிட்டு வாறேன். தண்ணி அங்க இருக்கு. வேணும்னா எந்திரிச்சுக் குடி."

"ண்ணே" என்றான். ஜக்கைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். திரும்பவும் "ண்ணே" என்றான்.

முன்கதவைப் பூட்டினேன். பின்கதவையும் பூட்டினேன். பின்கதவை அதற்கு முன்பு நான் பூட்டியதில்லை.

நாவலப்பிட்டியில் கறுப்பையா வீடு. என்னோடு மூட்டை தூக்கியவன். கோழி அடித்துச் சோறு போட்டான். "தம்பிய யாரு பாக்குறது?" என்று கேட்டான். "பக்கத்து வீட்டுல பாக்குறாங்க" என்றேன். மறுநாள் சாயந்தரம் ஜமால்தீன் போன் எடுத்தான்.

"வூட்டுலதான் ஈக்கிறீங்களாண்ணே? ரெண்டு தரம் கூப்பிட்டேன், சத்தமில்ல."

"தூங்கிட்டோம்."

"அதான் குனிஞ்சு பாத்தேன். தொட்டி நெறஞ்சு பளபளன்னு ஈக்கி. சரி, ஆள் உள்ளுக்குத்தான்னு வெளங்கிச்சு. சேது எப்படி?"

"நல்லாருக்கான்" என்றேன்.

அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கதவை உடைத்துக்கொண்டு போயிருப்பான், அப்படிப்பட்டவன் அவன். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் சொல்லவில்லை. இப்போது விட்டுக்கொடுத்தால் தம்பி உள்ளுக்குள் சிரிப்பான் என்று தோன்றியது. அடுத்த நாளும் நான் கிளம்பவில்லை. அவன் பிடிவாதக்காரன், ஒரு நாள் தாகத்துக்கு வேஷத்தைக் கலைக்க மாட்டான், இன்னும் கொஞ்சம் விட்டுப் பார்ப்போம் என்றிருந்தேன். கறுப்பையாவின் பெண்சாதி குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபோதெல்லாம் வாங்கிக் குடித்தேன். அப்போது தொண்டையில் இறங்கியது.

திரும்பி வந்த அன்று நானும் ரோட்டில் நின்று குனிந்து பார்த்தேன். ஏன் என்று தெரியாது. தொட்டி நிறைந்திருந்தது. மீன்கள் எல்லாம் சுகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மெசின் சொன்னபடி செய்திருந்தது.

தம்பி தரையில் குப்புறக் கிடந்தான், கட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவில். நல்ல கையின் முழங்கை தோல் உரிந்திருந்தது. பீப்பாயில் தண்ணீர் நாலு விரல் இறங்கியிருந்தது, அதெல்லாம் தொட்டிக்குப் போனது. ஜக்கில் நான் ஊற்றி வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது.

புரட்டி மடியில் கிடத்தி, ஜக்கை எடுத்து வாயில் ஊற்றினேன். உதட்டில் பட்டுக் கன்னத்தால் வழிந்தது. முடியும்வரை ஊற்றினேன். பிறகு அவனைத் தூக்கிக் கட்டிலில் போட்டேன். மூட்டை தூக்கின உடம்பு, முடிந்தது. தரையைத் துடைத்தேன். ஜக்கைக் கட்டிலுக்குப் பக்கத்தில், கை எட்டும் இடத்தில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் ஜமால்தீனைக் கூப்பிட்டேன். நீங்கள் ஸ்டேஷனிலிருந்து வந்து பார்த்து, அண்ணன்காரன் எல்லாம் பக்கத்திலேயே வைத்திருக்கிறான் என்று எழுதினீர்களே, அந்த ஜக்கு அங்கே வந்தது அப்படித்தான்.

ஜமால்தீன் ஜனாசாத் தொழுகைக்கு நிற்பவன் போல ஓரமாக நின்று அழுதான். "நான் தெனமும் பாத்தேனே, தொட்டி நெறஞ்சுதானே ஈந்திச்சு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதை அவனுக்குக் கேட்கும்படி சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் காதில் வாங்க மாட்டான். அனுஷியாவிடமும் நீங்களே சொல்லுங்கள். அவள் இன்னும் என்னைப் பெரியப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். தூங்கினீங்களா, சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள். எனக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்கி நாளாயிற்று என்று அவளிடம் சொல்ல முடியவில்லை.

செத்தது நோயால் இல்லை. தாகத்தால். கொன்றது நான். இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வைக்கிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள் ஐயா. அவனால் புரளவே முடியாது என்றுதானே டாக்டரம்மா சொன்னார். கட்டிலிலிருந்து அவ்வளவு தூரம் அவனாகத்தான் வந்திருக்கிறான். நான் அவனைச் சந்தேகப்பட்டதில் அந்த அளவுக்காவது நியாயம் இருந்ததல்லவா.