திமிங்கிலம் என்று எழுதிக் கொடுத்தவர்

பார்க்டேலில் ஸ்ட்ரீட்கார் என்னும் டிராமில் ஏறினேன். முன் இருக்கையில் இரண்டு பேர். மூத்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

"தம்பி, நான் கவுண்மேந்துக்குப் பொய் சொல்லிப்போட்டன்."

"என்ன பொய் அண்ணை?"

"நடுக்கடலிலை எங்கடை வள்ளத்துக்குப் பக்கத்திலை திமிங்கிலங்கள் வந்தது எண்டு அகதி விசாரணையிலை எழுதிக் குடுத்தனான். நேற்று மகள் பள்ளிக்கூடப் புத்தகத்திலை படம் காட்டினாள். அதே கறுப்பு, அதே உருண்டைத் தலை. பைலட் வேலாம்."

"வேல் எண்டால் திமிங்கிலம்தானே?"

"பேர் மட்டுந்தான். டொல்பின் குடும்பத்திலைதான் சேர்த்திருக்கினமாம். குளிர்க்கடல் டொல்பின்."

"அதுக்கென்ன இப்ப?"

"நாளைக்கு குடியுரிமைக்கான சிற்றிசன்சிப் நேர்முகம். திருத்திச் சொல்லட்டோ?"

இளையவர் யோசித்தார். "அவையள் மாகாணங்களைத்தான் கேப்பினம். டொல்பின் கேட்டால் மட்டும் சொல்லுங்கோ."

மூத்தவர் தலையாட்டினார். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் இளையவர் திரும்பிக் கேட்டார்:

"உண்மையிலை, கண்ட உடனை என்னெண்டு நினைச்சனீங்கள்?"

"மூடுபனிப் புகாருக்குள்ளை கறுப்பாத் தெரிஞ்சுது. பாறையெண்டு நினைச்சன். கரை வந்திட்டுது எண்டு கத்திப்போட்டன். எல்லாரும் எழும்பிட்டினம். ஒரு பொம்பிளை நித்திரையா இருந்த பிள்ளையை எழுப்பிச் சப்பாத்துப் போட்டுவிட்டா."

"பிறகு?"

"பிறகும் ரெண்டு நாள் கடலிலைதான் இருந்தனாங்கள்."

"இதையும் விசாரணையிலை சொன்னனீங்களோ?"

"இல்லை. அதை ஒருத்தரும் கேக்கேல்லை."