கூட்டம் இல்லாத மாசம்

— காலைத் தூக்கி மேல வெச்சுக்க நாஷிபாய். என் கதவை ஒட்டித்தான் படுத்திருக்கா.

— எத்தன சிங்கம்?

— ஒத்தப் பொம்பளைதான். வண்டி நிழலு அவளுக்குப் புடிச்சுப்போச்சு.

— அவ படுத்தா நமக்கென்ன? வண்டிய எடு.

— சாவி இருந்தா எடுக்க மாட்டனா? டயரு பாக்க இறங்குனேன்ல, அங்கதான் புல்லுல விழுந்திருக்கும். இப்ப அவ வயித்துக்கடியில கெடக்கு.

— ரேடியோவுல கூப்பிடேன்.

— டூரிஸ்டு முகாமே பூட்டிக் கெடக்கு. மழை மாசத்துல எவன் கேப்பான்?

— பொறவு எதுக்கு என்னைய இப்பக் கூட்டியாந்த, சிமான்தோய் அப்பா? கண்டவங்களுக்கெல்லாம் போன்ல சொல்றியே, "ஆகஸ்டுல வாங்கம்மா, மாரா ஆத்தங்கரையில நில்லுங்க, காட்டுமாடு மந்தை மந்தையா ஆத்துல குதிக்கும்"னு. எனக்கு மட்டும் ஏப்ரலு, சேறு.

— ஆகஸ்டுல வண்டியில எடம் ஏது? இப்பத்தான் கூட்டமில்ல. நிம்மதியாப் பேசலாம்னு...

— பேசு. எறங்கி ஓடவா போற?

— அது வந்து...

— நானே சொல்லட்டா? தான்சானியாவுல புது முகாம். ரெண்டு வருசம். நாளைக்குக் காலையில முகாம் வாசலுக்கு லாரி வருது.

— யாரு சொன்னது?

— உன் தம்பி பொண்டாட்டி. ஊருக்கே தெரியும். கட்டுனவளுக்கு மட்டும் சிங்கத்தக் காட்டிச் சொல்லலாம்னு பாத்தியாக்கும்.

— கத்தாத. காத ஆட்டுறா பாரு.

— கேக்கட்டும். அவளாச்சும் அக்கா தங்கச்சியோட சேந்து புள்ள வளக்குறா. எனக்கு யாரு இருக்கா?

— புரிஞ்சுக்க புள்ள. அங்க வருசம் பூரா வேலை. இங்க மழை வந்தா மொதலாளி வீட்டுக்கு அனுப்பிடுறான்.

— அந்த மழைதான்யா எனக்கு. நீ வீட்ல இருக்கிறதே அந்த ரெண்டு மாசம். அதையும் அந்தப் புது முகாமுக்குக் குடுத்துட்டியே.

— ஏய், எந்திரிச்சுட்டா! புதருக்குள்ள போறா. நீ அசையாம இரு, நான் குதிச்சு சாவிய எடுத்துட்டு வந்துடறேன்.

— எறங்காத! புல்லுல ஒண்ணும் இல்ல.

— இல்லையா? பின்ன எங்க?

— நீ டயரு பாக்க எறங்குனப்பவே சாவிய எடுத்து என் போர்வையில முடிஞ்சுட்டேன். நாளைக்கு லாரி கெளம்பிப் போகட்டும், தர்றேன்.