வரத்துப் பக்கம்

— அண்ணே, ஒயரோட இந்த முனையில ஒரு மூடி இருக்கே, இதை யாராவது திருகினாங்களா?

— யாரும் தொடலம்மா. எட்டு மேசையில நான்தான் கடைசி. கம்ப்யூட்டர் லைன் படுத்தா எல்லாரும் முதல்ல என் மேசைக்கு அடியிலதான் குனியறாங்க. இப்ப எனக்கே என் கால் மேல சந்தேகம்.

— ஒயர் நல்லா இருக்கு, மூடியும் இறுக்கமாத்தான் இருக்கு. தினமும் எப்ப படுக்குது?

— மத்தியானம் ரெண்டு மணிக்கு. மூணுக்குத் தானா எழுந்துக்கும். உங்க கம்பெனி ஆள் வந்து சேரும்போது மூணேகால் ஆயிடும். எல்லாம் சரியா இருக்குன்னு கையெழுத்து வாங்கிட்டுப் போயிடுவாங்க.

— அதனாலதான் இன்னிக்கு ஒண்ணரைக்கே வந்து உங்க வரவேற்பறையில உட்கார்ந்துட்டேன். இப்ப ரெண்டு இருபது. இன்னும் படுத்தேதான் கிடக்கு.

— எப்படியாவது கண்டுபிடிச்சுடும்மா. நான்தான் பிடுங்கி விடறேன்னு மேனேஜர் நினைக்கிறார்.

— நீங்க எதுக்குப் பிடுங்கணும்?

— என் வீட்டுக்காரிக்கு கிட்னி போயிடுச்சு. வாரத்துல மூணு நாள் பின் தெரு ஆஸ்பத்திரியில ரத்தம் சுத்தம் பண்றாங்க. லைன் படுத்தா வேலை ஓடாதே, அந்த நேரத்துல ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வரட்டுமான்னு நாலஞ்சு தடவை கேட்டேன். அதை வச்சு அவரா ஒரு முடிச்சுப் போட்டுட்டார். தூரத்துக் கிளைக்கு மாத்தறேன்னு காலையில எல்லார் முன்னாடியும் சொன்னார். அங்கேர்ந்து இங்க வர ஒரு பகல் முழுக்க ஆகும். அவளை யாரும்மா கூட்டிட்டுப் போவா? பயமா இருக்கு.

— கொஞ்சம் இருங்க. இந்த லைனை நடுவுல, நாலாவது மேசையில ரெண்டாப் பிரிக்கறேன். முனை திறந்து கிடந்தா லைன் ஓடாது, அதனால பிரிச்ச இடத்துல என்கிட்ட இருக்கற மூடியைப் போடறேன். உங்க பாதி எழுந்துச்சுன்னா, குத்தம் மத்தப் பாதியில. இப்பப் பாருங்க.

— எழுந்துடுச்சும்மா. பக்கத்து மேசை ஃபைலெல்லாம் என் திரையில தெரியுது.

— அப்ப உங்க காலுக்கு விடுதலை. அந்தப் பாதியையும் இதே மாதிரி பிரிச்சுப் பார்த்துட்டு வர்றேன்.

— என்னம்மா, திரும்பி வந்துட்டே?

— மூணாவது மேசை சரி, ரெண்டாவது மேசையும் சரி. பிரிச்சதையெல்லாம் மறுபடி சேர்த்துட்டேன். பாக்கி அந்தக் கண்ணாடி ரூம்தான்.

— அது மேனேஜர் ரூம்.

— இருக்கட்டும். ஒயருக்கு ரெண்டு முனை அண்ணே. உங்களுது ஒரு கடைசின்னா அவருது இன்னொரு கடைசி.

— அதை அவர் காதுல போட்டுடாத.

— சார், உள்ள வரலாமா? லைன் பார்க்க வந்திருக்கேன்.

— ஆங்... வாங்கம்மா. கண்ணை மூடி யோசிச்சிட்டிருந்தேன். பிடிச்சீங்களா? கடைசி மேசைதானே?

— உங்க மேசைக்குப் பின்னாடி கொஞ்சம் பார்த்துக்கறேன் சார். இங்க ஒயர் கழண்டு தொங்குது. மாட்டிட்டேன். அண்ணே, லைன் வந்துச்சா?

— வந்துடுச்சும்மா, எட்டு மேசைக்கும் வந்துடுச்சு.

— சார், இதை யார் கழட்டினது?

— நான்தான். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? தினமும் ரெண்டுக்குக் கழட்டுவேன், மூணுக்கு மாட்டுவேன். அந்த நேரம் பார்த்துத்தான் தலைமை அலுவலகத்துலேர்ந்து டிங்கு டிங்குன்னு செய்தியா வரும். மனுஷன் யோசிக்க முடியுதா?

— நீங்க கழட்டினா எல்லாருக்கும் போயிடும் சார்.

— அதெப்படி? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? இதோ, கம்ப்யூட்டருக்குப் பின்னாடி ரெண்டு கை நீட்டிட்டிருக்கு பாருங்க. இது வரத்து, அது போக்கு. நான் வரத்தை மட்டும்தான் கழட்டறேன். போக்கு மேல கை வச்சதே இல்ல.

— நீங்க போக்குன்னு சொல்றது வெறும் மூடி சார். அதுக்கு அப்புறம் சுவர்தான். எட்டு பேருக்கும் ஒரே ஒயர். வர்றதும் போறதும் அதுலதான். எங்க கழட்டினாலும் மொத்தமாப் படுத்துடும்.

— எட்டு பேருக்குமா?

— எட்டு பேருக்கும்.

— மூணு மாசமாவா?

— நீங்க மத்தியானத்துல யோசிக்க ஆரம்பிச்சு மூணு மாசம்னா, ஆமா சார்.

— அந்த மனுஷனைக் காலையில நிக்க வச்சுக் கேள்வி கேட்டேன். தலையைக் குனிஞ்சுட்டு நின்னார். எனக்கு வெட்கமா இருக்கும்மா.

— வெளியதான் இருக்கார். கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. மாத்தறதையும் விட்டுடுங்க.

— விட்டுடலாம்தான். ஆனா ரெண்டு பத்துக்கு மாத்தல் ஆர்டரை அனுப்பிட்டேன். மேல போனதும் அதுவா எண் விழுந்துடும். எண் விழுந்தா, ரெண்டு வருஷத்துக்கு நானே கெஞ்சினாலும் திருப்ப மாட்டாங்க. அது முறை.

— ரெண்டு பத்துக்கா? அப்ப ஒயர் கழண்டு கிடந்துச்சே சார். எப்படிப் போயிருக்கும்?

— போக்குதான் மாட்டியிருக்கே, போயிடும்னு நினைச்சேன். அப்ப போகலையா? அப்பாடா. நான் யோசிச்சதுலயும் ஒரு நல்லது நடந்திருக்கு. அது எங்க நிக்குது, காட்டுங்க. இப்பவே அழிச்சுடறேன்.

— லைன் வரட்டும்னு உங்க கம்ப்யூட்டர்லயே காத்திட்டிருக்கும் சார். வந்த உடனே தானா...

— தானா?

— சார், உள்ள வரலாமா? லைன் இப்ப ரொம்ப நல்லா வேலை செய்யுது. என் பேருக்கு மாத்தல் ஆர்டர் நகல் ஒண்ணு வந்திருக்கு, எண் போட்டே வந்திருக்கு.