மாடி அறையில் செத்தவள்

— காய்ச்சல்ல செத்தாள்னா சொன்னே? எந்த விருந்தாளி காய்ச்சலைப் பார்க்கக் காசு கொடுத்து வருவான், தங்கச்சி?

— திடீர்னு கேட்டுட்டார் அண்ணே, அந்த மாடி அறைப் பெரியவர். காலைச் சாப்பாட்டை வைக்கிறேன், “இந்த வீட்டுப் பொண்ணு எப்படிம்மா செத்தா?”ன்னார். செத்தவ நானே தட்டோட நிக்கிறேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

— வாசல் சுவர்ல எழுதி மாட்டியிருக்கே, படிச்சதில்லையா? “காதலனைப் பிரிந்து, பட்டினி கிடந்து, இந்த அறையிலேயே உயிர்நீத்தாள்.” அதை ஒப்பிச்சாப் போதும். சமையல்காரின்னா சமையல்காரியா இரு.

— யாரு பட்டினி கிடந்தது? கதவுக்கடியில தட்டைத் தள்ளினவன் நீ. மிச்சம் வைக்காம வழிச்சுத் தின்னவ நான். சாகக்கூடாதுன்னு தின்னேன் அண்ணே.

— வியாபாரம்னா வியாபாரம். நம்ம பரம்பரை வீடு மூணும் பெருச்சாளி ஓடிக் கிடந்துச்சு. நடுச்சுவரை உடைச்சு ஒண்ணாக்கி, சுண்ணாம்புக்காரை பூசி, தூணைத் தேய்ச்சு, கட்டிலைப் போட்டு, விடுதின்னு திறந்து உட்கார்ந்தேன். ஈ காக்கா வரல. செத்த பொண்ணை வச்சேன், வாசல் கொள்ளாம வண்டி நிக்குது.

— செத்தவளுக்கு மாடியில பஞ்சு மெத்தை. இருக்கிறவளுக்கு அடுப்பங்கரையில கோணி.

— கூரை கொடுத்தேன்ல?

— கொடுத்தே. கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாளும் கொடுத்தே. படுக்கை அறைக்கு எதுக்குத் தாழ்ப்பாள் வெளியேன்னு தச்சர் கேட்டப்போ, பழமை, கை வைக்காதேன்னு சொன்னே. எது அண்ணே பழமை? நீ அதைத் திறந்தப்போ எனக்கு நரை விழுந்திருந்துச்சு, அந்த நரையா? அச்சுக் கோக்கிற ஒருத்தன் என்னைக் கேட்டுப் படியேறினா குடும்ப மானம் போயிடும்னு என்னை உள்ளே வச்சுப் பூட்டினே. இன்னைக்கு ஊர் பேர் தெரியாதவன் எல்லாம் செருப்போட ஏறுறான், நம்ம கட்டில்ல படுக்குறான். காசைக் கண்டதும் அந்த மானம் எங்கே போய் ஒளிஞ்சுக்கிச்சு?

— மேடையா இது? கூடத்துல ஆள் இருக்கு, மெதுவாப் பேசு. என்னதான் வேணும்?

— ஒரு சொல். சுவர்ல “உயிர்நீத்தாள்”னு இருக்கிறதை அழிச்சுட்டு “உயிரோடு இருக்கிறாள்”னு எழுது.

— எழுதினா மாடி அறை காலி. சாயங்காலமானா உன் ஆவி மாதிரி வெள்ளைத் துணி கட்டி, விளக்கோட படியிறங்குறாளே அந்த நாடகக்காரி, அவளைப் பார்க்கத்தானே கூட்டம்? இருக்கிறவளைப் பார்க்க எவன் வருவான்?

— அப்ப இதுக்காவது பதில் சொல்லு. வியாபாரத்துக்காகத்தான் நீ என்னைச் சாகடிச்சேன்னு நம்பியிருந்தேன். “காய்ச்சல்”னதும் அந்தப் பெரியவர் தலையை ஆட்டினார். “இல்லம்மா, பட்டினியாலதான் போனா. அவ அண்ணனே அன்னைக்கு எங்க அச்சுக்கூடத்துக்கு வந்து, மார்ல அடிச்சுக்கிட்டு அழுதான்”னார். அப்பதான் அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

— அவனா? அவனா மேல இருக்கான்?

— அவர்தான். நான் மாடியில மூச்சு விட்டுக்கிட்டு இருந்தேன். நீ போய் எனக்காக அழுதுட்டு வந்திருக்கே. ஏன் அண்ணே?

— அப்படிச் சொல்லலன்னா விட்டிருப்பானா? கதவை உடைச்சிருப்பான். சரி, போனது போச்சு. நீ யாருன்னு உளறிட்டியா? சொல்லுடி.

— சொன்னேன். தட்டைக் கீழ வச்சுட்டு, நான்தான் அவ, சாகலன்னு சொன்னேன். ஒண்ணு விடாமச் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டார், கண்ணைத் துடைச்சுக்கிட்டார். அப்புறம் என் கையில ஒரு நூறு ரூபா நோட்டைத் திணிச்சு, “சாயங்காலம் வர்ற பொண்ணை விட நீங்க நல்லா நடிக்கிறீங்கம்மா”ன்னார்.